ஐம்பதில் வளையாதோ? — ஒரு மறுப்புரை

தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் நன்மை செய்தன பல. தீமைக்குக் கருவியாயின சில. அச்சிலவற்றுள் இரண்டு, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பதும், ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பதும் ஆம். மக்களை வளர்க்கும் பெற்றோர்க்கு விழிப்பூட்டுதற்கு எழுந்த இம்மொழிகள், அவ்வளவில் நில்லாது, முதியோர் முகத்திற் கதவடைத்தற்குத் தாழாக இக்காலத்துப் பயன்படுகின்றன. பிறர் அங்ஙனம் செய்யின் அவர்பால் நமக்கு வழக்கு இல்லை. சைவ சித்தாந்தம் கற்றோம் என்பாரே அது செய்தல் கண்டு வாளா இருத்தல் தகாது என்று கருதி இதனை எழுதப் புகுந்தேம்.

நிகழ்ந்தது இது. சின்னாட்களுக்கு முன் ஒரு சைவ சபையின் கூட்டத்தில் யாம் இருந்தேம். 68 வயதினராகிய முதியவர் ஒருவர் வந்து, சபையார் நடத்தும் சித்தாந்த வகுப்பிற் சேர்ந்து பாடங் கேட்கவும், ஆசிரியர் தக்கதென்று கருதுங்கால் சமய தீக்கை பெறவும் விரும்புவதாகப் பணிவுடன் சொன்னார். அவர் வட்டித் தொழிலில் நாற்பதாண்டு கழித்தவர். கடுஞ்சொல்லும் கடுஞ்சினமும் உடையவரென ஊரார் அறிந்தவர். மனைவியார் இறந்தபின் ஓராண்டாக நாடோறும் திருக்கோயிலுக்கு வந்து ஒரு தூணருகே அமர்ந்து செல்வதை யாம் கண்டதுண்டு. அவர் தம் விண்ணப்பத்தைச் சொல்லி வெளியே சென்று அமர்ந்தவுடன் சபையில் நகைப்பு எழுந்தது.

கற்றவராகிய ஒருவர் எழுந்து மூன்று காரணங் கூறினார். பிறவிக்குணம் முன்னை வினையால் அமைந்தது; ஆகலின் அது மாறாது என்பது ஒன்று. முப்பது வயதுக்குமேல் மனிதன் குணம் இறுகிவிடும் என்று மேல்நாட்டு உளநூலாரும் ஒப்புகின்றனர் என்பது மற்றொன்று. முதுமையில் வருவது பத்தி அன்று, சாவுக்கு அஞ்சும் அச்சமே என்பது மூன்றாவது. அவர் அமர்ந்தபின் இரக்கமுடையார் ஒருவர் எழுந்து, ‘அவரை வருத்த வேண்டா, வயது ஏற ஏறப் பக்குவம் தானே வரும், வகுப்பு எதற்கு?’ என்றார். கடுமையும் இரக்கமும் ஒரே முடிவுக்கு வந்தன. ‘பின்னர்ப் பார்ப்போம்’ என்று முதியவர்க்கு விடை கூறப்பட்டது. யாமும் அன்று வாய் திறந்திலேம். அக்குற்றத்திற்குக் கழுவாயாக இம்மறுப்பினை எழுதுகின்றேம். இதில் ஒருவரையும் பெயர் சுட்டோம். வழக்கு ஆளோடு அன்று, கொள்கையோடு.

முதற்கண், ‘குணம் வினையால் அமைந்தது, ஆகலின் மாறாது’ என்னும் கூற்றை ஆராய்வாம்.

இஃது எச்சமயத்தார் கூற்றாயினும் ஆகுக; சித்தாந்தக் கூற்று ஆகாது. என்னை? சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களும் பிரகிருதியின்பாற் பட்டன என்றும், அவை ஒருவன்கண் ஏறியும் இறங்கியும் நிற்பன என்றும் நாம் கற்கின்றோம். ஆன்மாவுக்கு உரிய இலக்கணமாக நம் ஆசிரியன்மார் வற்புறுத்துவது சார்ந்ததன் வண்ணமாதல் என்பதாம். செம்மலரின் அருகே வைத்த படிகம் செந்நிறங் காட்டும். அம்மலரை நீக்கி நீலமலரை வைப்பின் நீலநிறங் காட்டும். நாற்பதாண்டு செம்மலரின் அருகே இருந்தமையால் அப்படிகம் மாணிக்கம் ஆகிவிட்டது என்று எந்த வணிகனும் விலை பேசான். அங்ஙனமாக, நாற்பதாண்டு பொருளையே சார்ந்து கிடந்த ஓர் உயிரை, பொருளாசையே அதன் இயல்பு என்று நாம் விலை பேசியது எவ்வாறு?

இனி வினையைப் பற்றிய தடையும் அவ்வாறே கெடும். பிராரத்தமானது உடலையும் கருவிகளையும் இன்பதுன்ப நுகர்ச்சியையும் கூட்டுவது. சினம் எழுதற்கு ஏதுவாகிய நிகழ்ச்சியை அது கொண்டுவந்து முன்னிறுத்தலாம். அதன்கண் வெகுண்டு புதுவினை ஈட்டுதல் ஆகாமியத்தின் பாற்பட்டது. இவ்வேறுபாடு இல்லையாயின், சரியை முதலிய நான்கு நெறிகளும் எதற்கு? தீக்கை எதற்கு? ஆசிரியன் எதற்கு? நூல்களில் விதித்தனவும் விலக்கியனவும் யாருக்கு? குணம் மாறாது என்பவர் ஒரு முதியவரை மாத்திரம் விலக்கினாரல்லர். சைவ சாதனங்கள் அனைத்தையும் வீண் என்று கூறினாராவர். அநாதியே உயிரைப் பற்றிய ஆணவமலமே தன் சத்தி மெலிந்து பரிபாகம் எய்தும் என்று கொள்ளும் நாம், இப்பிறவியிற் பழகிய கடுஞ்சொல் மெலியாது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் சந்தானாசாரியருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியரின் வரலாறு மாணவரும் அறிந்தது. அவர் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டாரைப் பெற்ற குடிக்குக் குலகுருவாக இருந்தவர். கல்வியும் ஆண்டும் மதிப்பும் ஒருங்கு முதிர்ந்த நிலையில், பிள்ளைப் பருவத்தராகிய மெய்கண்டார்பால் தம் மாணாக்கரே சென்று பாடங் கேட்பது பொறாராய்த் திருவெண்ணெய்நல்லூருக்கு வந்தார். வந்து ஆணவமலத்தின் வடிவு யாது என்று வினவினார். நின்ற அவரையே மெய்கண்டார் விடையாகக் காட்டினார். அவ்வளவில் அம்முதியவர் தம் செருக்கு நீங்கி அக்குழந்தையின் திருவடியில் வீழ்ந்து மாணாக்கராயினார் என்பது மரபு. சிவஞானசித்தியாரும் இருபாவிருபதும் அவ்வளைவினால் நமக்குக் கிடைத்தன. ‘ஐந்தில் வளையாதது’ என்று அன்று யாரேனும் அவரைத் தடுத்திருந்தால், இன்று நம் சபையில் எந்த நூலை விரித்து வைத்துக்கொண்டு அம்முதியவரை நகைத்திருப்போம்?

அடுத்து, உளநூலாரைத் துணைக்கு அழைத்த இரண்டாம் காரணத்திற்கு வருவாம். சமய நூற்கு உலகநூற் சான்று இன்றியமையாதது அன்று. ஆயினும் எதிர்க்கட்சியார் அச்சான்றினையே காட்டினமையால், அதனை முழுவதும் கேட்டல் முறையாம்.

முப்பது வயதோடு பெரும்பாலோர் குணம் இறுகிப்போம் என்னும் கருத்தை அமெரிக்க நாட்டு வில்லியம் ஜேம்ஸ் என்பார் 1890-இல் வெளியிட்ட தம் உளநூலில் எழுதினார் என்பது உண்மையே. ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அக்கூற்றோடு அந்நூல் முடிந்துவிடவில்லை. ஒரே மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து அளந்தறியும் ஆய்வுகள் பின்னர் எழுந்தன. ஒரு கூட்டத்தாருள் யார் யாரினும் பொறுமை மிக்கவர், யார் யாரினும் அச்சம் மிக்கவர் என்னும் வரிசை, ஏறத்தாழ ஏழாண்டு இடைவெளியில் எவ்வளவு நிலைத்து நிற்கின்றது என்பதை, 152 தொடராய்வுகளைத் திரட்டி ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்னும் இருவர் 2000-இல் கணக்கிட்டனர். முழு நிலைபேற்றை 1 என்று கொண்டால், குழந்தைப் பருவத்தில் அது 0.31, 30 வயதளவில் 0.64, 50 முதல் 70 வயது வரையில் 0.74 அளவினது. வயது ஏற ஏற வரிசை நிலைபெறுகின்றது என்னும் இம்முடிபு எதிர்க்கட்சியார்க்கு ஓரளவு துணையாவதே, அதனை மறைக்கமாட்டேம். முதுமையில் மாறுதல் எளிது என்று யாம் வாதிட்டிலேம். இல்லை என்பதனையே மறுக்கின்றேம். 50 வயதுக்கு மேலும் அவ்வெண் 1 ஆகவில்லை என்பதையும் அவர் காணல் வேண்டும்.

அன்றியும், வரிசை மாறாமை வேறு, அளவு மாறாமை வேறு. ஒரு தோப்பில் உள்ள தென்னைகள் எல்லாம் வளருங்கால், நெடியது நெடியதாகவும் குறியது குறியதாகவும் நிற்றல் கூடும். அதுகொண்டு மரங்கள் வளர்ந்தில என்பார் உளரோ? குணத்தின் அளவு பற்றி 92 ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் ராபர்ட்ஸும் அவரோடு ஆய்ந்தோரும் வெளியிட்ட முடிபு வேறொன்று கூறுகின்றது. பொறுப்புணர்ச்சியும் மன அமைதியும், சிறப்பாக 20 முதல் 40 வயது வரையில், மிகுகின்றன. பிறரோடு இணங்கும் தன்மை முதுமையில் மிகுகின்றது. புதியன நாடும் விருப்பம் முதுமையிற் குறைகின்றது. முப்பதோடு குணம் இறுகிற்று என்பதற்கு இஃது இயைவதன்று.

ஸ்காட்லாந்து நாட்டில் 1936-இல் பிறந்தாருள் 1,208 சிறுவர் சிறுமியரை, அவர்தம் 14-ஆம் வயதில், 1950-இல், ஆசிரியர்கள் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலையின் உறுதி முதலிய ஆறு குணங்கள் பற்றி மதிப்பிட்டு எழுதிவைத்தனர். அறுபதாண்டுக்கு மேல் கடந்தபின், 2012-இல், அவருள் 174 பேர் 77 வயதளவில் மீண்டும் மதிப்பிடப்பட்டனர். பெரும்பாலான குணங்களில் முன்னைய மதிப்புக்கும் பின்னைய மதிப்புக்கும் தொடர்பு மிகச் சிறிதே காணப்பட்டது என்று 2016-இல் அவ்வாய்வினர் எழுதினர். முன்னே மதிப்பிட்டவர் ஆசிரியர், பின்னே மதிப்பிட்டவர் தாமும் தம்மை அணுக்கமாக அறிந்தவரும் ஆகலின், அவ்வேறுபாட்டிற்கும் இடங்கொடுத்தே இதனைக் கொள்ளல்வேண்டும். ஆயினும் ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார்க்கு இவ்வாய்வில் துணை கிடைப்பது அரிது.

‘யான் இனி மாறேன்’ என்று ஒருவர் தம்மைப்பற்றியே கூறுவதும் நம்பத்தக்கதன்று. 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000-க்கும் மேற்பட்டோரை வினவிய ஓராய்வு 2013-இல் வெளிவந்தது. எவ்வயதினரும், சென்ற பத்தாண்டில் தாம் மிக மாறியதை ஒப்பினர். வருகின்ற பத்தாண்டில் மாறுவது சிறிதே என்றும் கருதினர். ஆனால், அவரின் மூத்தோர் தம் கழிந்த பத்தாண்டினைப் பற்றிக் கூறியது அக்கருத்தைப் பொய்ப்பித்தது. தம் நிலையையே இங்ஙனம் கணிக்க மாட்டாத மனிதர், தூணருகே அமர்ந்த மற்றொருவரின் வருங்காலத்தை எவ்வளவு துணிவோடு முடித்துவிடுகின்றனர்!

மூன்றாவது, ‘அது பத்தி அன்று, அச்சம்’ என்பது. அச்சமே என்று கொள்க; அதனால் வந்த குறை யாது? திருநாவுக்கரசு நாயனார் சமணராய்த் தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்த காலத்து, அவரைத் திருவதிகைக்கு மீட்டது நூலாராய்ச்சியோ? பொறுக்கலாகாத சூலைநோய் அன்றோ? வலி தாங்காது இரவில் வந்து வீழ்ந்த தம்பியாரை நோக்கித் திலகவதியார், ‘நோய் தீர்ந்தால் மீண்டும் போய்விடுவாய், இது பத்தி அன்று’ என்றாரா? திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். துன்பத்தால் வந்தவரை ஏற்றுக்கொள்ளும் அன்பு அவ்வம்மையார்க்கு இல்லையாயின், அப்பர் இல்லை. அவர் பாடிய திருமுறைகளும் இல்லை. எதனால் வந்தான் என்று வாயிலில் நின்று வினவுதல் நம் வேலை அன்று; வந்தவனை என்ன செய்தோம் என்பதே நம்மை நோக்கி வரும் வினா.

இனி, இரக்கமுடையார் கூற்றை நோக்குவாம். ‘வயது ஏறப் பக்குவம் தானே வரும்’ என்பது கேட்பதற்கு இனிது. கேட்டு நடப்பின் முன்னையதினும் கேடு பெரிது. முன்னையது முதியவரைத்தான் விலக்கிற்று. இஃது அவரையும் இளைஞரையும் ஒருங்கே சோம்பச் செய்கின்றது. ‘ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்வோம்’ என்று பூசையையும் நூலையும் தள்ளிவைப்பார் எல்லாம் இம்மரத்தின் நிழலிற் படுத்தவரே. நரை உடலின் மாற்றம். பக்குவம் உயிரின் மாற்றம். முன்னையது காலத்தால் வருவது. பின்னையது சார்பினால் வருவது. ஆண்டின் தொகையே பக்குவமாயின் ஆளுடைய பிள்ளையார்க்கு மூன்றாம் ஆண்டில் ஞானம் வாய்த்தது எவ்வாறு? அந்நாளில் முதியராய் இருந்தார் அனைவரும் அதனைப் பெறாதது எவ்வாறு?

மேற்கூறிய ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. புதியன நாடும் விருப்பம் முதுமையில் தானே குறைகின்றது என்று கண்டோம். அமெரிக்காவில் 60 முதல் 94 வயது வரையுள்ளாரைச் சேர்த்து, பதினாறு வாரம் காரணகாரிய ஆராய்ச்சியிலும் புதிர்களிலும் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். பயிலாது காத்திருந்தவரோடு ஒப்பிடப் பயின்றவரிடத்து அவ்விருப்பம் மிகுந்தது என்று 2012-இல் வெளியிட்டனர். முதியோர்க்கு வகுப்பு வீண் என்பார் இதனை ஊன்றி நோக்குக. பதினைந்து வாரம் மாணவரை வைத்து நடத்திய மற்றோர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தாம் விரும்பிய குணத்திற்கு ஏற்ற சிறு செயல்களை மேற்கொண்டு செய்து முடித்தவர் மாறினர். மேற்கொண்டும் செய்யாதவர் பயன்பெற்றிலர். விருப்பம் மாத்திரம் போதாது. செயல் வேண்டும் என்பது அதன் சாரம். திருக்கோயிலை அலகிடுதலையும் மெழுகிடுதலையும் மாலை தொடுத்தலையும் நம் முன்னோர் சரியை என்று வகுத்து நெறியின் தொடக்கத்தில் வைத்தது எதற்கு என்று ஐயுறுவார், இங்கே அதற்கு ஓர் உலகியல் விளக்கத்தையும் காண்க. கையாற் பழகியது மனத்தில் இறங்கும். கை தளரும் வயதிலும் சிறு தொண்டு ஒன்று எஞ்சியே நிற்கும்.

அற்றேல், முதுமையிலும் மாறாது நிற்கவேண்டுவது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. திருநீலகண்ட நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. இளமையில் மனைவியார் திருநீலகண்டத்தின்மீது ஆணையிட்டார். அவ்வாணையைக் கடவாது அவ்விருவரும் ஒரு மனையில் வாழ்ந்தே முதுமையெய்தினர். உடல் தளர்ந்தது, ஆணை தளர்ந்திலது. பின்னர் இறைவன் அருளால் தில்லைக் குளத்தில் மூழ்கி எழுந்து இளமை பெற்றனர். அவர்பால் இளமை போயிற்று, வந்தது; உறுதி ஒன்றே போகாது நின்றது. மாறுவதையும் மாறாததையும் பிரித்தறிதற்கு இவ்வரலாறு போதும். கோபம், செருக்கு, ஈயாமை முதலியன மலரின் நிறம்போல் வந்து பற்றியன, அகலத்தக்கன. எடுத்த கொள்கையில் நிற்கும் உறுதியோ பேணத்தக்கது. நம்மவரோ, அகலத்தக்கதனை ‘என் சுபாவம்’ என்று பேணுகின்றனர். பேணத்தக்கதனை ‘வயதாயிற்று’ என்று கைவிடுகின்றனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறல்வேண்டும். அமைதியாய் வாழ்ந்த முதியவர் ஒருவர் திடீரென நாணமின்றிப் பேசினாலும், வெகுண்டு அடித்தாலும், ‘இத்தனை நாள் மறைத்த உண்மைக் குணம் இப்போது வெளிப்பட்டது’ என்று வீட்டார் சொல்லக் கேட்கின்றோம். இது பெருங்கொடுமை. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் தேய்தலால் வரும் ஒருவகை நோய், நினைவைக் கெடுப்பதற்கு முன்னரே நடத்தையைக் கெடுத்துவிடும். 45 முதல் 65 வயதிற்குள்ளேயே பலர்க்கு அது தொடங்குகின்றது. உயிர் கருவிகளோடு கூடியே அறிவதும் செய்வதும் ஆகலின், கருவி பழுதுற்றால் செயல் பிறழும் என்பது சித்தாந்தம் கற்றார்க்குப் புதிதன்று. விளக்கின் கண்ணாடி கரிபடிந்தால் சுடரைப் பழிப்பார் இல்லை. அத்தகையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக, பழித்து ஒதுக்கற்க. நோயால் வந்த மாற்றத்தைக் குணம் என்பதும், குணத்தால் வந்த குற்றத்தை விதி என்பதும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

அன்பர்காள்! இவ்வளவும் கூறியது ஒரு முதியவர்பொருட்டு மாத்திரம் அன்று. இந்நாளில் நம் சபைகளில் அமர்ந்திருப்பாருள் பெரும்பாலோர் ஐம்பது கடந்தவரே. அவரை மாறாதார் என்று முடிவு செய்தால், நாம் யாருக்குப் பாடஞ் சொல்லுகின்றோம்? தானே மாறுவார் என்று முடிவு செய்தால், எதற்குச் சொல்லுகின்றோம்? அவரவர் தம் நெஞ்சை வினவிப் பார்க்க: ‘என் இயல்பு இது’ என்று கூறி இதுகாறும் காத்துவைத்த குற்றம் எத்தனை? ‘அவன் இயல்பு அது’ என்று கூறித் தள்ளிவைத்த மனிதர் எத்தனை பேர்?

அம்முதியவர் மாறுவார் என்று யாம் உறுதி கூறமாட்டேம். வகுப்பிற்கு வந்தும் சினம் நீங்காது போதல் கூடும்; நெடுநாட் பழக்கம் எளிதில் விடுவதன்று. ஆனால் மாறுவாரோ மாட்டாரோ என்பதை வாயிலில் வைத்து முடிவு செய்யும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை. பக்குவம் அறிந்து ஆட்கொள்பவன் சிவபெருமான். பாய் விரித்து இடங்கொடுத்தலே நம் பணி.

சென்ற வெள்ளிக்கிழமையும் அவர் அத்தூணருகே இருந்தார். வகுப்பு நடக்கும் மண்டபம் அங்கிருந்து முப்பதடி தூரம். சபையார் அடுத்த கூட்டத்தில் இப்பொருளை மீண்டும் எடுத்து ஆராய்ந்து அவரை அழைப்பாராக. அழைக்கும்வரை, அத்தூணருகே சென்று அவரோடு அமர்ந்து ஒரு பாடமேனும் சொல்வது என்று யாம் துணிந்துள்ளேம். உடன் வர விரும்பும் அன்பர் வருக.

திருச்சிற்றம்பலம்.